ஒட்டி அனுப்பு

எங்கள் பல் மருத்துவர் சங்கத்தின் உள்ளூர்க் கிளை ஆண்டு மலர் போடுகிறதாம். ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். "மேடம், உங்க பிராக்டீஸ்ல நடந்த சுவையான அனுபவம் நாலைஞ்சு எழுதிக் குடுங்க. ஜூனியர்ஸ் படிச்சா ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கும்" என்று போனில் பேசிய இளம் டாக்டர் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். சுவையாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கோபமாக நிறைய வருகிறது. அதையே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

இந்தக் கோபத்தை இப்போது கிளறிவிட்டது பெரும்பாக்கத்தில் என் தங்கையின் பக்கத்து ஃபிளாட்டுப் பெண். மூன்று மாதத்துக்கு முன்தான் பிரிட்ஜ் போட்டுக்கொண்டாளாம். வாயைத் திறந்து காட்டினாள். பல் முத்துப் போல் இருந்தது. ஈறு பழுத்த தக்காளி போல் இருந்தது. "கீழே சுத்தம் பண்றதுக்கு ஏதாவது சொல்லிக் குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டேன். "கீழயா? அதான் ஃபிக்ஸ் பண்ணியாச்சே ஆன்ட்டி, இனிமே தொடவே வேணாம்னு சொன்னாங்களே" என்றாள்.

பிரிட்ஜ் என்றால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. விழுந்துபோன பல்லின் இரு பக்கமும் இருக்கும் பற்களைச் சுற்றிலும் ராவி, முளைக்குச்சி போல் ஆக்கி, அவற்றின் மேல் தொப்பி மாட்டுகிறோம். நடுவில் இல்லாத பல்லுக்கு ஒரு பொய்ப் பல்லைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே துண்டாக உலோகத்தில் வார்த்து, மேலே பீங்கான் பூசி, சிமென்டால் ஒட்டுகிறோம். கழற்றி மாட்டும் பல்செட் இல்லை இது. ஒட்டினது ஒட்டினதுதான். ஆனால் தொப்பிக்குள்ளே இருப்பது உயிருள்ள பல். ராவினதால் தோலுரித்த பல். அதை மறந்தவன் கையில் இந்த வேலை எவ்வளவு கொடியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பட்டணத்தில் படித்தேன், தேறினேன். சொந்தமாக நாற்காலி வாங்க அப்பாவுக்கு வசதியில்லை. எண்பதுகளின் நடுவில் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி கிளினிக்கில் உதவி டாக்டராகச் சேர்ந்தேன். அதை நடத்தியவரை இங்கே சபாபதி என்று வைத்துக்கொள்வோம். பெயர் அதுவல்ல.

அந்தக் காலத்தில் பல்லாவரத்திலிருந்து பொத்தேரி வரைக்கும் பிரிட்ஜ் என்றால் சபாபதி சார்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. எந்தப் பேஷன்ட் உள்ளே வந்தாலும் முதலில் கன்னத்தில் லேசாகத் தட்டுவார். "என்ன கண்ணு, பயமா? நான் இருக்கேன்ல" என்பார். அறுபது வயதுக்காரருக்கும் கண்ணுதான். அந்தக் குரலிலேயே பாதிப் பேருக்கு வலி போய்விடும். நானும் முதல் ஆறு மாதம் அந்தக் குரலைக் கேட்டு, இவரல்லவா டாக்டர் என்று வியந்தவள்தான். பிறகுதான் அவர் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். நல்ல வேகம். ஆனால் உட்காரவே மாட்டார். பேஷன்டின் தலைமாட்டில் நின்றபடியே பார்த்து முடித்துவிடுவார். வாய்க் கண்ணாடியைத் திருப்பிப் பல்லின் பின்பக்கத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

யாராவது பிரிட்ஜ் ஆடுகிறது என்று வந்தால் அவர் வாயிலிருந்து வரும் இரண்டு சொல் உண்டு. "ஒட்டி அனுப்பு." அதற்கு முன்னால் பேஷன்டிடம் ஒரு கேள்வி. "என்னத்தக் கடிச்சீங்க?"

இந்தக் கேள்வியில்தான் விஷம் இருந்தது. மனிதர்கள் எதையாவது கடித்திருப்பார்கள்தானே? முறுக்கோ, எலும்போ, கரும்போ. "ஆமா சார், ஞாயித்துக்கெழம கறி..." என்று இழுப்பார்கள். "அதான பாத்தேன்" என்று சிரிப்பார். அவ்வளவுதான். தப்பு பேஷன்டுடையதாகிவிடும். அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாயைத் திறப்பார்கள்.

அப்படி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தவர்களில் ஒருவர்தான் ரோசலின் அக்கா. தாம்பரம் ஸ்டேஷனில் அறிவிப்பாளர். அப்போதெல்லாம் டேப் கிடையாது. பிளாட்பாரத்து ஓர அறையில் மைக் முன்னால் ஒரு மனுஷி உட்கார்ந்து வாயால்தான் சொல்ல வேண்டும். பீச் வண்டி எத்தனை நிமிஷம் தாமதம், செங்கல்பட்டு வண்டி எந்த நடைமேடை என்று அந்தக் குரல் சொல்வதைக் கேட்டுத்தான் ஊர் ஓடும். நாற்பது வயதிருக்கும். இரும்புலியூரில் வீடு. கணவர் இல்லை. படிக்கிற இரண்டு பெண்கள்.

கூட்டமான வண்டியில் கதவு அடித்து அவருக்கு மேல் வரிசையில் இடது முன்பல் ஒன்று போனது. ஒரே ஒரு பல். அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பல்லை ராவினால் போதும். சபாபதி சார் இந்தக் கோரைப்பல்லிலிருந்து அந்தக் கோரைப்பல் வரை ஐந்து நல்ல பற்களை ராவி நீளமாக ஒரு பிரிட்ஜ் மாட்டியிருந்தார். "ஸ்ட்ராங்கா இருக்கும் கண்ணு, அழகாவும் இருக்கும்" என்றாராம். நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது அது.

நான் சேர்ந்த பிறகு அந்த அக்கா முதல் தடவை ஆடுகிறது என்று வந்தார். "நான்தான் சார் கொய்யாக்கா கடிச்சிட்டேன்" என்று அவராகவே ஆரம்பித்தார். ஒட்டி அனுப்பச் சொன்னார் சார். நான் முழுசாகக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "கழட்டுறேன்னு தட்டித் தட்டிப் பீங்கான உடைக்கப் போறியா? லூசா இருக்கிற பக்கம் சிமென்ட உள்ள விடு, போதும்" என்றார். அவரே வந்து சிமென்டை உள்ளே விட்டார். இரண்டாம் தடவை நான் லீவில் இருந்தேன். அப்போதும் அதே வைத்தியம்தானாம். இடையில் அந்த அக்கா கடிப்பதையே விட்டுவிட்டார். பெண்கள் ஆப்பிள் தின்பதைப் பார்த்துக்கொண்டு ரசஞ்சாதம் குழைத்துத் தின்றாராம். தன் பல்லுக்குத் தானே எமன் என்று நம்பியிருந்தார்.

மூன்றாம் தடவை வந்தது ஒரு மத்தியானம். எங்கள் கிளினிக்கில் சகல வேலையும் பார்த்த தனம் ஓடிவந்து சொன்னாள்.

"டாக்டரம்மா, அந்த ரயில்வே அம்மா வந்துகீது. மூஞ்சி பன்னு கணக்கா வீங்கிக்கீது. இன்னான்னு வந்து பாருங்க."

மேலுதடு மூக்கோடு சேர்ந்து வீங்கியிருந்தது. இடது கண்ணின் கீழ் இமை வரை வீக்கம் ஏறியிருந்தது. உடம்பு கொதித்தது. நாற்காலியில் சாய்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "டாக்டர், நான் ஒண்ணுமே கடிக்கல. சத்தியமா கடிக்கல."

எனக்கு வந்தது துக்கம் இல்லை. ஆத்திரம்.

பிரிட்ஜ் ஆடுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. தொப்பியின் விளிம்பில் ஈறோரமாக விரல் வைத்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். உள்ளே சிமென்ட் கரைந்து போயிருந்தால், எச்சில் புகுந்து புகுந்து வெளியே வரும். விளிம்பில் சின்னச் சின்ன நுரைக் குமிழாகத் தெரியும். ஒரு பக்கம் பிடித்திருக்கும், மறுபக்கம் விட்டிருக்கும். பிடித்திருக்கும் பக்கம் தாங்குவதால் பிரிட்ஜ் விழாது. விழுந்தாலாவது நல்லது, யாராவது உள்ளே பார்ப்பார்கள். விழாமல் நின்றுகொண்டே அந்த விட்ட பக்கத்துப் பல்லை உள்ளுக்குள் அழுக வைக்கும். ரோசலின் அக்காவுக்கு இடது பக்கம் விரல் வைத்தேன். நுரை வந்தது. நுரையோடு நாற்றம் வந்தது.

நான் சாரைக் கூப்பிட்டேன். அடுத்த அறையிலிருந்து வந்தார். கன்னத்தைத் தட்டக் கையை நீட்டி, வீக்கத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மாத்திரை எழுதிக் குடு. வீக்கம் வத்தட்டும். ஒட்டி அனுப்பு."

"சார், ரெண்டு பல்லு உள்ள சொத்தை. சீழ் வெச்சிருக்கு. பிரிட்ஜை எடுக்காம ஒண்ணும் பண்ண முடியாது."

"உள்ள போய்ப் பாத்தியா?"

"நுரை வருது சார். நாத்தம் வருது."

"வசந்தா, இங்க யாரு டாக்டர்?"

பேஷன்ட் முன்னால் கேட்டார். அந்தச் சர்க்கரைக் குரலிலேயே கேட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. நாற்காலியைச் சுற்றி வந்து அக்காவின் முகத்துக்கு நேரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

"அக்கா, நல்லா கேட்டுக்கங்க. நீங்க எதையும் கடிச்சதால இது வரல. உள்ள ஒட்டு விட்டுப்போய் ரொம்ப நாளாச்சு. உள்ள இருக்கிற பல்லு அழுகுது. பிரிட்ஜை வெட்டி எடுத்தாத்தான் சீழ் வெளிய வரும். ஒட்டி அனுப்பினா இந்த வீக்கம் கண்ணுக்குப் போகும். அதுக்கு மேலயும் போகும்."

அவர் கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வெட்டி எடுத்தா எனக்கு முன்னாடி பல்லே இருக்காதே. மைக்ல எப்பிடிப் பேசுறது? குரல் சரியில்லன்னா பார்சல் ஆபீஸுக்கு மாத்திடுவாங்க டாக்டர்."

"இன்னிக்கே தற்காலிகமா ஒண்ணு செஞ்சு மாட்டுறேன். பேச வெக்கிறது என் பொறுப்பு."

"வசந்தா," என்றார் சபாபதி சார் கதவோரத்திலிருந்து. "அத வெட்டினே, நாளைக்கு வராத."

ரோசலின் அக்கா கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"வெட்டுங்க டாக்டர்" என்றார்.

சார் தன் அறைக்குப் போய்விட்டார். முதலில் பிரிட்ஜ் இருக்கும்போதே அதற்கு ஒரு அளவு எடுத்துக்கொண்டேன். அந்த அச்சுதான் பின்னால் உதவும். வீங்கின இடத்தில் மரத்துப்போக ஊசி சரியாக ஏறாது, சற்று விலகின இடத்தில் போட்டேன். இடது கோரைப்பல் தொப்பியில் ஈறு விளிம்பிலிருந்து கடிக்கும் முனை வரை நேர்கோடாக ஒரு வெட்டு. பீங்கான் சீக்கிரம் போகும். அடியில் இருக்கும் உலோகம்தான் முரண்டு பிடிக்கும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் பல்லும் வெட்டுப்படும். உலோகம் பிளந்து உள்ளே சிமென்டின் வெள்ளை தெரியும் வரை பொறுமையாகப் போக வேண்டும். பிறகு அந்தப் பிளவில் தட்டையான கருவியை விட்டு, திருகாணி திருப்புவது போல மெல்லத் திருப்ப வேண்டும். தொப்பி வாய் திறக்கும். எந்த வேகமும் உதவாத இடம் அது. தனம் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தொப்பியாகப் பிளந்து பிரிட்ஜைத் தூக்கியபோது, தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வலது பக்கப் பற்கள் பிழைத்திருந்தன. இடது கோரைப்பல் பாதி கறுப்பு. அதற்குப் பக்கத்துச் சின்னப் பல் இருந்த இடத்தில் ஈரச் சாக்குப் போல ஏதோ ஒன்று. கருவி பட்டதும் ஈறு மட்டத்தில் முறிந்து கையோடு வந்தது. வேரின் வழியாகச் சீழ் பொங்கியது. அது வடிந்து முடிந்தபோது அக்கா பெருமூச்சு விட்டார். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்தத் தெறிப்பு வலி நின்றதாம்.

எடுத்து வைத்த அச்சில் பல் நிறப் பசையைக் குழைத்து ஊற்றி, ராவின பற்கள் மேல் வைத்து, இறுகும் முன் எடுத்து, ஓரம் தேய்த்து, கிராம்பு எண்ணெய் சிமென்டில் மாட்டினேன். பேசச் சொன்னேன். "தாம்பரம்" என்றார். அது வேறு ஏதோ ஊர் போலக் கேட்டது. 'த' சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்பக்கத்தைத் தொட வேண்டும். அங்கே கனம் அதிகமாக இருந்தால் எழுத்து நசுங்கும். கழற்றிப் பின்பக்கத்தை இழைத்தேன். மறுபடி மாட்டினேன். பல்லாவரத்தில் 'வ' வரவில்லை, முனை நீளம். குறைத்தேன். சானடோரியம், சைதாப்பேட்டை, மீனம்பாக்கம் என்று எல்லா ஸ்டேஷனும் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் தாம்பரம் தாம்பரமாகவே வந்தது. அவர் சிரித்தார். வீங்கின உதட்டோடு சிரிக்கும்போது வலித்திருக்கும்.

என் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். சார் தலை நிமிரவில்லை.

எனக்கு அப்போது கிளினிக் கிடையாது. கூடப் படித்த தோழி குரோம்பேட்டையில் வைத்திருந்தாள். காலையில் அவள் வருமுன் அவள் நாற்காலியில் ரோசலின் அக்காவுக்கு மீதி வேலையைச் செய்தேன். மிச்ச வேரை எடுத்தேன். கோரைப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து காப்பாற்றினேன். புண் ஆறினபின் புது பிரிட்ஜ். நீளம் குறைக்க வழியில்லை, எல்லாவற்றையும்தான் முதலிலேயே ராவியாகிவிட்டதே. ஒரு பல் போன இடத்தில் இப்போது இரண்டு போயிருந்தது. மிச்சத்துக்கும் ஆயுள் முழுக்கத் தொப்பி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மாட்டின அன்றே சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தேன். இதற்கென்று தனி நூல் வெளிநாட்டில் கிடைத்தது, தாம்பரத்தில் ஏது? ஸ்வெட்டர் பின்னும் கம்பளி நூலும் மீன் தூண்டில் நரம்பும் வாங்கினேன். நரம்பை வளையமாக மடித்து, அதில் நூலைக் கோத்து, பொய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே நுழைத்து இழுக்க வேண்டும். பிறகு நூலைப் பிடித்து முன்னும் பின்னும். ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை. அவ்வளவுதான் வித்தை.

"இது இவ்ளோ சுலபமா?" என்று கேட்டார் அக்கா. "அவர் ஏன் டாக்டர் சொல்லல?"

"தெரியல அக்கா."

"தெரியாதுன்னு சொல்லாதீங்க. ஏன் சொல்லல?"

சொல்லிக்கொடுக்க உட்கார வேண்டும். அவர் உட்கார மாட்டார்.

வெட்டியெடுத்த பிரிட்ஜை அவர் கேட்டார். பஞ்சில் சுற்றிக் கொடுத்தேன். அதை என்ன செய்தார் என்பதைத் தனம் பிறகு என் வீட்டுக்கே வந்து சொன்னாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கிளினிக்கில் நிற்க இடமில்லாத கூட்டம். ரோசலின் அக்கா ட்யூட்டி முடித்துப் புடவை கசங்காமல் வந்து, வரவேற்பு மேசைமேல் அந்த பிரிட்ஜை வைத்தாராம். கத்தவில்லை. மைக்கில் பேசுகிற அதே குரல்.

"இங்க காத்திருக்கிறவங்க தயவுசெஞ்சு கவனிக்கவும். இது இந்த டாக்டர் எனக்குக் கட்டினது. உள்ள என் பல்லு அழுகிப்போச்சு. உங்க பிரிட்ஜ் ஆடினா ஒட்டச் சொல்லாதீங்க. கழட்டி உள்ள பாக்கச் சொல்லுங்க."

இன்னொரு தடவையும் சொன்னாராம். ஸ்டேஷன் பழக்கம்.

"சார் பறந்தடிச்சிகினு வெளிய வந்தாரு டாக்டரம்மா," என்றாள் தனம். "'ஏம்மா, எதுனாலும் உள்ள வந்து பேசலாமே'ன்னாரு. அந்தம்மா இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'இத்தினி நாளு உள்ளதானே சார் பேசினோம்'னுச்சு."

"அப்புறம்?"

"ரெண்டு பேரு எழுந்து போய்ட்டாங்க. மத்தவங்க அப்டியே குந்திகினு இருந்தாங்க."

அதுதான் எனக்கு ஆறவில்லை. மற்றவர்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். திங்கட்கிழமை வழக்கம்போல் கூட்டம். அந்தக் குரலும் அந்தக் கன்னத் தட்டலும் ஒரு பெண்ணின் அழுகின பல்லைவிடப் பலமாக இருந்தன.

அக்காவின் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்சல் ஆபீஸுக்கு யாரும் அவரை மாற்றவில்லை. தொண்ணூறுகளில் நான் பெருங்களத்தூரில் சொந்தமாக ஒரு சின்ன கிளினிக் போட்டேன். சபாபதி சாரின் பிரிட்ஜுகள் ஜி.எஸ்.டி. ரோடு நெடுக என்னிடம் வந்தபடி இருந்தன. லாரி ஆபீஸ் மேனேஜர், டியூஷன் டீச்சர், கல்யாண மண்டபச் சமையல்காரர். எல்லோரும் உட்கார்ந்ததும் எதைக் கடித்தோம் என்று வாக்குமூலம் கொடுக்க ஆரம்பிப்பார்கள். "நிறுத்துங்க, முதல்ல உள்ள பாக்கலாம்" என்பேன். சிலருக்குக் காப்பாற்ற முடிந்தது. பலருக்கு வேரை மட்டும் பொறுக்கி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கோபத்தை அடக்குவதுதான் பெரிய பாடு. கோபத்தில் கருவியைப் பிடித்தால் இன்னொருத்தர் பல்லுக்குத்தான் ஆபத்து.

அந்தப் பத்தாண்டின் முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹோட்டல் ஒன்றில் பல் மருத்துவர் கூட்டம். மேடையில் சபாபதி சார். தலை நரைத்திருந்தது, சட்டைக் கஞ்சி குறையவில்லை. பிரிட்ஜுகள் நீண்ட நாள் உழைப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசினார். ஸ்லைடு மேல் ஸ்லைடாகப் பளபளவென்று சிரிக்கும் வாய்கள். எல்லாம் மாட்டின அன்றைக்கு எடுத்த படங்கள். அதற்கு அப்புறம் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கைதட்டல் முடிந்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்து மைக்கை வாங்கினேன்.

"சார், பேஷன்ட் பிரிட்ஜ் ஒரு பக்கம் ஆடுதுன்னு வந்தா, நீங்க என்ன செய்வீங்க?"

என்னை அடையாளம் கண்டுகொண்டார். சிரிப்பு மாறவில்லை. "அது கேஸப் பொறுத்தது. அடுத்த கேள்வி?"

மைக்கை வாங்க வந்தவரிடம் நான் கொடுக்கவில்லை. "கேஸ் நான் சொல்றேன் சார். விளிம்புல நுரை வருது. நாத்தம் வருது. உதடு வீங்கியிருக்கு. ஒட்டி அனுப்புவீங்களா, கழட்டி உள்ள பாப்பீங்களா?"

அரங்கில் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ "உக்காருங்க மேடம்" என்றார்கள். நான் உட்காரவில்லை. முன்வரிசையில் இருந்த மாணவிகள் பேனாவைப் பிடித்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நிஜமாகவே பதில் வேண்டியிருந்தது. அதை அவரும் பார்த்தார்.

தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கழட்டித்தான் பாக்கணும்" என்றார், மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"பின்வரிசைக்குக் கேக்கல சார்" என்றேன்.